அஞ்சே நிமிஷம்

புயல் எச்சரிக்கை வந்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். நான் மட்டும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்துக்குப் போகும் தெருமுனையில் நிற்பேன். மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பாலத்தில்தான், மீட்பு வண்டி ஓட்டிய என் கணவரை வெள்ளம் வண்டியோடு அடித்துக்கொண்டு போனது. போன் சார்ஜர் வாங்கக் கிளம்பி நடுவழியில் மாட்டிக்கொண்ட ஒருவனைக் காப்பாற்றப் போனார். அவனும் போய்ச் சேர்ந்தான்.

அதற்குப் பின் வந்த ஏழு புயல்களிலும், சாயங்காலம் நாலு பத்துக்கு அவனுடைய வெள்ளை கார் இந்த வழியாக வந்தது. காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன். வாயில் வந்தபடி திட்டியிருக்கிறேன். கண்ணாடியை இறக்கி, "அஞ்சே நிமிஷம்க்கா, வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்பான். பின்னாலேயே சைரனோடு என் கணவரின் வண்டி போகும். அவர் என் பக்கம் திரும்பியதே இல்லை.

இந்த முறை என் காரைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். எப்படிப் போகிறான், பார்த்துவிடலாம்.

நாலு பத்து தாண்டியது. வெள்ளை கார் வரவில்லை. தடுத்துவிட்டேன் என்று வாய்விட்டு அழுதேன். அதற்குள் தண்ணீர் ஜன்னல் வரை ஏறிவிட்டது. கதவைத் திறக்க முடியவில்லை.

அப்போது சைரன் கேட்டது. மீட்பு வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது.

"ரோட்டுக்கு வராதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறோம். நீயுமா?" என்றார் என் கணவர். "சரி, வா, ஏறு."

பின்சீட்டில் அவன் சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்கக்கா" என்று நகர்ந்து இடம் கொடுத்தான்.