ஈயத்துக்கு அடியில்

சார்த்ர் நகரத் தேவாலயத்திலிருந்து இறக்கிய, தேவதை உருவம் தீட்டிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் எங்கள் பட்டறை மேசையில் கிடந்தது. மாட்டிய மூன்றே வருடத்தில் நடுவில் தொப்பை போட்டிருந்தது. அன்று காலை பட்டறையை முதலில் திறந்தது நான்தான்.

"பின்னால தாங்குற இரும்புக் கம்பியே இல்ல. எந்தக் கழுதைடா இதைக் கட்டினது?" என்றார் முதலாளி கஸ்பார்.

நானும் கூட வேலை செய்யும் பசீலும் தலைகுனிந்து நின்றோம். கட்டுகிறவன் தன் பெயரை ஓரத்துக் கண்ணாடித் துண்டில் கீறி, ஈயப் பட்டையால் மூடிவிடுவது எங்கள் வழக்கம். முதலாளி பட்டையை உரித்தார்.

"பசீல்" என்று படித்தார்.

பசீல் என்னை ஒருமுறை பார்த்தான். "நான்தான் கட்டினேன், முதலாளி" என்றான்.

"கோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

வாசல்வரை அவன் பின்னாலேயே போனேன்.

"தேவதை முகத்துல நிழல் விழும், கம்பி வேண்டாம்னு உங்கிட்ட சொன்னதே நான்தானே, திபோ. இன்னிக்குப் பழியை நானே ஏத்துக்கிறதாத்தான் இருந்தேன்" என்றான் பசீல். "அதுக்குள்ள உன் பேர் இருந்த துண்டைக் கழட்டிட்டு, என் பேரைக் கீறின துண்டை வைக்க உனக்கு என்ன அவசரம்?"