படியாத விலை

“உங்க மகளைப் புடிச்சு வெச்சிருக்கோம். ரெண்டு லட்சம் அனுப்புங்க” என்றான் போனில் ஒருவன். மகள் பூங்கொடி எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஜவுளி வியாபாரி நாச்சிமுத்து அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். “அப்பா, காப்பாத்துங்கப்பா!” என்று போன் அழுதது. அச்சு அசல் அவள் குரல். பூங்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இருநூறு ரூவா தாரேன், குடுத்துட்டுப் போ தம்பி.”

“விளையாடாதீங்க. கடைசியா அம்பதாயிரம்.”

“கட்டாதப்பா. நீயே வெச்சுக்க” என்றார் நாச்சிமுத்து. கொள்முதலுக்குப் போகிற கடைகளில் இப்படிச் சொல்லிவிட்டு எழுந்தால், வாசல் படி இறங்குவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.

இவன் கூப்பிடவில்லை. “பேச்சு மாற மாட்டீங்களே?”

“யாவாரிக்கு ஒரே பேச்சு.”

“சரிங்க” என்று வைத்துவிட்டான்.

பூங்கொடி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். ‘அப்பா’ என்று உதடு அசைந்தது.

நாச்சிமுத்து அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தார். “நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை” என்றது பூங்கொடியின் குரல், கணீரென்று.

“சொன்ன விலைக்கே எடுத்துக்கறேனுங்க” என்றார் அதனிடம்.