பிந்தி வந்தவரின் கல்

"முதல்ல சமாதியைக் காட்டுங்கம்மா. அப்புறம் சிலையைப் பாப்போம்," என்றார் க்வென்ஸி.

மார்வெயின் கையிலிருந்த மெழுகுத் துணி நழுவியது.

ஹராரேயில் சிலைக்கடை வைத்திருந்தாலும் க்வென்ஸி இந்த மண்ணின் ஆள். அடக்கத்துக்கு வராதவர், செத்தவர் சமாதியில் ஒரு கல் வைக்காமல் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இதை எப்படி மறந்தாள்?

போன மழைவரைக்கும் அவள் புருஷன் செதுக்கியதற்கு நல்ல விலை கிடைத்ததில்லை. ஆள் போய்விட்டார் என்று சேதி அனுப்பியதும் க்வென்ஸியே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். செத்தவர் கை இனிமேல் செதுக்காது, அதனால் மவுசு.

நெருப்பில் வாட்டி மெழுகு பூசிய சிலைகள் முற்றத்தில் கறுப்பாக மின்னின. குன்றடிக்குச் சிலை வாங்க வருகிறவர் க்வென்ஸி ஒருவர்தான். இன்றைக்கு இவை வண்டி ஏறாவிட்டால், குன்றடியில் உளி பிடிக்கும் எந்த வீட்டிலும் சட்ஸாக் களி கிண்ட மாவு கிடையாது.

"என்ன அண்ணி, நிக்கிறீங்க? கூட்டிட்டுப் போங்க. அண்ணன் எங்க எழுந்து ஓடப்போறாரு!" என்றான் கொழுந்தன் டபேரா.

வீட்டுக்குப் பின்னால் கல் அடுக்கிய மேடு.

க்வென்ஸி தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினார். செத்தவருக்கு மரியாதையாகக் கைகளைக் குவித்து மெல்லத் தட்டினார். மேட்டைக் கண்ணால் அளந்தார்.

"சின்னதா இருக்கேம்மா."

"கடைசியில ரொம்ப இளைச்சிட்டாரு."

சொன்ன வாய் கசந்தது. உள்ளே கிடப்பது அவள் பிள்ளை டினேயி. கல்தூசி அவனைத்தான் முதலில் தின்றது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்துத் தோற்றுப்போன இருமல்.

முற்றத்தில் டபேரா அரத்தை எடுத்துக் கல்லைப் பரபரவென்று தேய்த்தான். அதையும் மீறி மறுபடி.

க்வென்ஸியோடு பல வருஷம் பேரம் பேசிப் பழகிய அவள் புருஷனின் தொண்டை. இருமினாலும் ஆள் தெரியும்.

க்வென்ஸி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி மேட்டின்மேல் வைத்தார். எழுந்து, துக்கக் காசை அவளிடம் நீட்டினார்.

"பாத்துக்குங்கம்மா," என்றார் தணிந்த குரலில். "செத்தவரு இனிமே வெளிய வரக் கூடாது."

புருஷனைப் பறிகொடுத்தவள் எப்படி வாங்க வேண்டுமோ அப்படியே, மண்டியிட்டு, இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள் மார்வெய்.