கடைக்குக் கடை நிற்கிறவர்

“பால்கோவா திங்கிறாகளா இல்லையான்னு நீங்களே கேளுங்க டாக்டரம்மா! நான் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்காக!”

நாகஜோதி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு வந்த கோபம் அது. பக்கத்தில் அவள் புருஷன் முத்துப்பாண்டி, இடது கால் சுண்டுவிரலில் கட்டோடு, சுழலாத மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எலினாவுக்கு நாகஜோதியின் மகள் வயதுதான் இருக்கும். சர்க்கரைக்காரர்களின் ஆறாத கால்புண்ணுக்கு எந்த வைத்தியம் செய்தால் காலை எடுக்காமல் காப்பாற்றலாம் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தாள். அதில் சேர்க்கலாமா என்று பார்க்கத்தான் முத்துப்பாண்டியை வரச் சொல்லியிருந்தாள்.

“மொதல்ல உட்காருங்கம்மா. என்ன நடந்துச்சு?”

“தெனம் காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டு வாரேன்னு கெளம்புதாக. பூக்கட்டுற மாரிக்கனி வந்து, ‘அண்ணன் பால்கோவாக் கடை கடையா நிக்காகளே, சர்க்கரை எறங்கிருச்சா மதினி’ன்னு கேக்கா. எனக்கு எப்படி இருக்கும்? நேத்து நானே பின்னாடி போய்ப் பாத்தேன். ஒரு கடையில நிக்காக. செத்த நேரம் சட்டியவே பாக்காக. பொறவு நாலு எட்டு வச்சு அடுத்த கடையில நிக்காக. தேருகூட அம்புட்டு எடத்துல நிக்காது!”

“சாப்பிட்டதைப் பாத்தீங்களா?”

“நான் கிட்டப் போறதுக்குள்ள முழுங்கிருக்க மாட்டாகளா? ருசி பாருங்கன்னு கடைக்காரவுக ஆளுக்கொரு விள்ளல் குடுக்கத்தான செய்வாக!”

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. அடுப்பில் பால் சுண்டுகிற வாசனைக்கே வழியில் போகிறவனின் நாக்கு ஊறுகிற ஊர் அது. அங்கே பால்கோவாக் கடை வாசலில் ஒரு சர்க்கரைக்காரர் நின்றால், காற்று வாங்க நிற்கிறார் என்றா நினைப்பார்கள்?

திடீரென்று நாகஜோதியின் குரல் உடைந்தது. “இவுக அண்ணன் இசக்கிமுத்துக்கும் இப்படித்தான் சின்னக் கொப்புளமா ஆரம்பிச்சுது. முழங்காலோட எடுத்துட்டாக. பொறவு அவுக ரொம்ப நாள் இருக்கல. இவுகளும் நாக்கு ருசிக்குக் காலைத் தொலைச்சுட்டு நின்னா நான் என்ன செய்வேன் டாக்டரம்மா?” முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டாள்.

எலினா அவர் பக்கம் திரும்பினாள். “ஐயா, உண்மையச் சொல்லிருங்க. வாய்க்கட்டு இல்லாதவங்களை இதுல சேர்க்க முடியாது. எந்த வைத்தியம் வேலை செஞ்சுதுன்னே எங்களுக்குத் தெரியாமப் போயிரும்.”

முத்துப்பாண்டி ஒரு வழியாக மின்விசிறியை விட்டார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“திங்கேன். எல்லாக் கடையிலயும்தான். நாக்கு கேக்க மாட்டேங்குது.”

“கேட்டுக்கிட்டீகளா?” என்றாள் நாகஜோதி. ஜெயித்த சந்தோஷம் அவளிடம் மருந்துக்கும் இல்லை.

எலினா கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். “ஆனா மூணு மாசச் சர்க்கரை அளவோடதானே இருக்கு? தினம் பால்கோவா சாப்பிட்டா இப்படி வராதே.”

“ஒங்க மிஷினு பொய் சொல்லுது! கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? அவுகளே ஒத்துக்கிட்டாகளே!”

“ஆமா, மிஷினுதான் கோளாறு” என்று முத்துப்பாண்டியும் அவசரமாக ஒத்து ஊதினார். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி சொன்னதை அவர் இத்தனை வேகமாக ஆமோதித்தது கிடையாது.

“சரி, அது கெடக்கட்டும்” என்று எலினா எழுந்தாள். “வெளிய நடைபாதையில ஆறு நிமிஷம் நடந்து காட்டுங்க. இங்க வர்ற எல்லாருக்கும் இந்தச் சோதனை உண்டு.”

முத்துப்பாண்டிக்கு முகம் வெளிறிவிட்டது. “நடையெல்லாம் எதுக்கு? நாந்தான் தப்பை ஒத்துக்கிட்டேன்ல? என்னையச் சேக்க வேண்டாம். ஏட்டி, வா, வீட்டுக்குப் போவோம்.”

“சும்மா இருங்க. டாக்டரம்மா சொன்னா நடங்க!”

புண்ணில் பாரம் விழாத செருப்பு ஒன்றை எலினாவே அவர் காலில் மாட்டிவிட்டாள். நடைபாதை நீளமாக, ஆளரவமில்லாமல் கிடந்தது. முத்துப்பாண்டி மாப்பிள்ளை மிடுக்கோடு விறுவிறுவென்று புறப்பட்டார். கோடி வரை போய்த் திரும்பினார். திரும்பி வரும்போது நடை தளர்ந்தது. பாதி வழியில் நின்றேவிட்டார். நின்றவர், எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அங்க என்னத்தப் பாக்கீக? வெறும் செவருதான இருக்கு! நடங்க!” என்று நாகஜோதி இங்கிருந்து சத்தம் போட்டாள்.

அவர் அசையவில்லை. எலினா வேகமாகப் போய் அவர் காலடியில் குந்தி, கணுக்காலில் விரலை வைத்து நாடி பார்த்தாள். விரலை மாற்றி மாற்றி வைத்தும் அது சரியாகத் தட்டுப்படவில்லை.

“ஐயா, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதா?”

முத்துப்பாண்டி சுவரில் கையை ஊன்றினார்.

“காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பயப்படாதீங்க, இப்பவே தெரிஞ்சது நல்லது. இந்தக் காலைக் காப்பாத்த வழி இருக்கு.”

“நெசமாவா டாக்டரம்மா?” அவருடைய கண்கள் கலங்கின. “வலிக்குதுன்னு சொன்ன அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஒத்தக் காலோடதான் கொண்டாந்தோம். அதான் நான் சொல்லல.”

ஓடி வந்து தோளைப் பிடித்த நாகஜோதியின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

“ஏட்டி, ஒரு விள்ளல்கூட நான் வாயில வச்சதில்ல. வலி வந்தா எங்கயாவது நிக்கணும்ல? நம்ம ஊருல பால்கோவாக் கடை வாசல்ல நின்னா மட்டுந்தான், ஏன் நிக்கேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக.”