வடக்குப் பக்கத்துக் கல்

"ஏன்யா வில்ஃப், எங்க கொள்ளுத் தாத்தா கல்லை எவளோ ஆஸ்திரேலியாக்காரிக்குத் தாரை வார்த்துட்டியாமே?"

கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே மடக்கிவிட்டாள் ஹில்டா. கோயில் நிர்வாகி. கல்லறையில் பிளாஸ்டிக் பூ வைத்தாலே பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்பவள். சொந்தக் கொள்ளுத் தாத்தா விஷயத்தில் விடுவாளா?

லிட்டில் ஆஷ்கோம் என்ற அந்த இங்கிலாந்துக் கிராமத்தின் சரித்திரமே வில்ஃப் மண்டைக்குள்தான் இருந்தது. யார் யாருக்குப் பேரன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு ஞானஸ்நானத் தேதி தப்பாக அச்சானதற்கு ஊர்ப் பத்திரிகையோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற மனுஷன். அவரா இப்படி?

"மெதுவாப் பேசு தாயே. அந்த ஆஸ்திரேலியாம்மா கோயிலுக்குள்ளே டீ குடிச்சிட்டிருக்காங்க."

"குடிக்கட்டும்! 'இதுதான் உங்க கொள்ளுத் தாத்தா ஜோசையா'ன்னு நீதானே எனக்குக் காட்டினே? ஆறு வருஷமா ஈஸ்டர் தவறாம டாஃபடில் பூ வைக்கிறேன். இப்ப அது அந்தம்மாவோட பாட்டி கல்லுங்கறே. ஒரு கல்லுக்கு எத்தனை பேருய்யா?"

வில்ஃப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஜோசையா ஏழைகள் விடுதியில செத்தவரு. அந்தம்மா பாட்டியும் அப்படித்தான். அவங்களை எல்லாம் வெயில் படாத இந்த வடக்குப் பக்கத்துல போட்டு மூடிட்டாங்க. கல்லாவது, பேராவது! யாரு எங்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப அந்தக் கல்லு? எழுத்தெல்லாம் அழிஞ்சு புதருக்குள்ள கிடைச்சுதுன்னியே?"

"எங்க வீட்டுப் பின்வாசல் படி."

"படியா!"

"அன்னிக்கு நீ பூவோட வந்தே. இங்கே பூராச் சுத்தினே. வைக்க இடம் தெரியாம வீட்டுக்கே திருப்பி எடுத்துட்டுப் போனே. மனசு கேக்கலே ஹில்டா. படியைப் பேத்து, தள்ளுவண்டியில கொண்டாந்து நட்டுட்டேன்."

ஹில்டாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக வில்ஃப் வீட்டுப் படிக்கட்டிடம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறாள்!

"மேலிடத்து அனுமதி இல்லாம இங்கே ஒரு கல்லு நடக்கூடாது. தெரியுமில்லே?"

"தெரியும். நாளைக்கே பிடுங்கிடறேன்."

அதற்குள் ஆஸ்திரேலியாக்கார அம்மாள் மார்லீன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் ஒரு கொத்துப் பூ. மூவரும் வடக்குப் பக்கத்துக் கல்லருகே போனார்கள்.

"அம்மா, நீங்கதானே இந்தக் கோயில் நிர்வாகி? எனக்கு வயசாச்சு, இன்னொரு தடவை வர முடியாது. நிஜமா இதுதானே எங்க பாட்டி இடம்?"

வில்ஃப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹில்டா மார்லீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கேதாம்மா இருக்காங்க. எங்க கொள்ளுத் தாத்தாவும் இங்கேதான். நீங்க நிம்மதியாப் போங்க, ஈஸ்டருக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் பூ வச்சுடறேன்."

பிறகு வில்ஃப் பக்கம் திரும்பினாள்.

"மரம் மாதிரி நிக்கிறியே! கல்லு சாஞ்சு கிடக்கு பாரு. நிமிர்த்தி நல்லா நடு!"