வாசலில் கிடந்த சேதி

மழையைப் பற்றி எழுதும் மழைக்குறிப்பு என்றொரு இணையதளம் இருந்தது. தளங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: ஒரு தளம் எழுதியதற்கு இன்னொரு தளம் பதிலைத் தன் வீட்டுச் சுவரிலேயே எழுதிவிட்டு, "வந்து பாரு" என்று சேதி மட்டும் அனுப்பும். விளம்பரச் சேதிகள் குப்பையாய் வந்து குவியவே, மழைக்குறிப்பு கதவைச் சாத்திப் பூட்டியது. பூட்டிவிட்டு, "என்னை ஒருத்தரும் கண்டுக்கறதில்லை" என்று வருஷக்கணக்கில் புலம்பியது.

ஒருநாள் மனசு கேட்காமல் திறந்து பார்த்தது. வாசலில் தும்பி என்ற தளத்தின் பழைய சேதி கிடந்தது: "நீ மழையைப் பத்தி எழுதினதுக்குப் பதில் எழுதியிருக்கேன். வந்து பாரு."

மழைக்குறிப்பு தும்பியின் முகவரிக்கு ஓடியது. அங்கே வீடே இல்லை; "இந்த முகவரி விற்பனைக்கு" என்ற பலகைதான் நின்றது.

"தும்பி என்ன எழுதியிருந்தது?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றது பலகை. "அது எழுதினது உனக்குத்தானே."