வேர் மேலாக

மோதி பாக் குவார்ட்டர்ஸின் பின்னால், மரங்களுக்கடியில் மண்டிக் கிடந்த உண்ணிச்செடிகளை ஹரிஷங்கரும் லதாவும் ஒருவழியாக வெட்டி முடித்தார்கள். ஒவ்வொரு புதரையும் வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள்.

“அப்பதான் திரும்பத் துளிர்க்காது,” என்றான் ஹரிஷங்கர்.

காலியான இடத்தில் புரசங்கன்றுகளை நட்டார்கள். மறுநாள் காலை எல்லாக் கன்றுகளும் தலைகீழாக நின்றன. வேர்களில் ஒரு பொட்டு மண்ணில்லை. கழுவியதுபோல் ஈரமாக இருந்தன.

“அச்சா, குரங்கு வேலைதான். விடு.”

“குரங்கு வேரக் கழுவுமா?”

திரும்ப நட்டார்கள். லதாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்தபோது, பூட்டியிருந்த வராந்தாவுக்குள் தொட்டித் துளசி தலைகீழாக இருந்தது.

மகளின் அறைக்கு ஓடினாள். ஸ்ம்ருதி போர்த்திக்கொண்டு தூங்கினாள். தலையணைமேல் அவள் பாதங்கள் இருந்தன, கழுவியதுபோல் ஈரமாக.